அவர் ஓட்டினால் மட்டும் இழுக்காத வண்டி

எங்கள் வண்டிக்கு ஒரு கோளாறு வந்தது. என் கணவர் ஓட்டினால் வரும், நான் ஓட்டினால் வராது. யாரிடம் சொன்னாலும் முதலில் சிரித்தார்கள். நாங்களும் சில நாள் சிரித்தோம். அப்புறம் சிரிப்பு நின்றுபோனது.

கோவில்பட்டியில் கடலை மிட்டாய் போடும் கூடங்களிலிருந்து பெட்டிகளை ஏற்றிக் கடைகளில் கொண்டுபோய்ச் சேர்ப்பது எங்கள் தொழில். வண்டி ஒரு பழைய டீசல் பிக்கப். இன்னொருவர் ஓட்டித் தள்ளியதை வாங்கினோம். கதவில் அவருடைய கடைப்பெயரைச் சுரண்டி எடுத்த தடம் இன்னும் தெரியும். மதுரை, திருநெல்வேலி என்று நாற்கரச் சாலையில் போகும் லோடெல்லாம் என் கணவர் பொறுப்பு. எட்டயபுரம், கயத்தாறு, அவற்றுக்கு நடுவே கரிசல் காட்டுக்குள் கிடக்கும் சின்ன ஊர்கள் எல்லாம் என் பங்கு. அவருக்குக் குடலிறக்க ஆபரேஷன் நடந்தபோதுதான் நான் லைசென்ஸ் எடுத்தேன். உடம்பு தேறி அவர் திரும்பி வந்த பிறகும் நான் ஸ்டியரிங்கை விடவில்லை. அவரும் கேட்கவில்லை. அப்படியே இரண்டு பேரும் ஓட்டுநர்களாகிவிட்டோம்.

புரட்டாசியில் ஒருநாள் சாயங்காலம் மதுரையிலிருந்து வந்தவர் கைகால் கழுவாமல் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"சாத்தூர் தாண்டிப் பாலம் ஏறுதேன். பொசுக்குனு இழுவை போயிட்டு. எவ்வளவு மிதிச்சாலும் ஊருதே தவிர ஓடல. இன்ஜின் லைட் வேற எரியுது."

"பெறகு எப்படி வந்தீங்க?"

"ஓரமா நிறுத்தி பேட்டரி கம்பியக் கழட்டி மாட்டுனேன். சரியாயிட்டு."

அந்த வைத்தியத்தை அவருக்கு ஒரு லாரி டிரைவர் சொல்லிக் கொடுத்திருந்தார். மறுநாள் அதே வண்டியை எடுத்துக்கொண்டு நான் எட்டயபுரம் பக்கம் போனேன். முந்தின இரவு மழை பெய்திருந்தது. காட்டுப் பாதையில் கரிசல் மண் டயரில் அப்பிக்கொண்டு வந்தது. அந்தச் சகதியிலும் வண்டி முக்காமல் முனகாமல் போனது. வீட்டுக்கு வந்து, "எனக்கு ஒண்ணும் செய்யலியே" என்றேன். சாதாரணமாகத்தான் சொன்னேன்.

அடுத்த மதுரை லோடிலும் அதே பாலத்தில் அதே கதை. அதற்கடுத்து திருநெல்வேலிக்குப் போகும்போது கயத்தாறுக்கு முன்னால். ஒவ்வொரு தடவையும் பேட்டரியைக் கழற்றி மாட்டிவிட்டு வந்து சேர்வார். நடுவில் நான் ஓட்டுகிற நாளில் வண்டிக்கு ஒரு குறையும் இருக்காது.

மதுரையிலிருந்து வரும்போது ஊருக்குள் நுழையும் முன் சர்வீஸ் ரோட்டில் ஒரு பட்டறை இருக்கிறது. அந்த மெக்கானிக்கிடம்தான் எப்போதும் போவோம். எங்கள் வயதுக்காரர், கொஞ்சம் இளையவராக இருக்கலாம். என் கணவரை அண்ணாச்சி என்பார், என்னை மதினி என்பார். தெரியாததைத் தெரியாது என்று சொல்வார், அதனாலேயே அவரிடம் போவோம்.

"அந்தக் காலத்து இன்ஜின்னா சத்தத்த வச்சே சொல்லிருவேன் அண்ணாச்சி. சென்சாருன்னு வந்துட்டா எனக்குப் பாதி ஊகந்தான். ஒண்ணொண்ணாப் பாப்போம்."

முதலில் டீசல் ஃபில்டரைத் திறந்தார். வெட்டிய தண்ணீர் பாட்டிலில் டீசலைப் பிடித்து வெயிலில் தூக்கிக் காட்டினார். மேலே மஞ்சளாக டீசல், அடியில் இரண்டு விரல்கடைக்குத் தண்ணீர். "பாத்தீங்களா, இதான்" என்றார். நாங்களும் நம்பினோம். ஃபில்டர் மாற்றியாயிற்று. பாலம் ஏறுகையில் இழுவை மறுபடி போனது.

அடுத்த தடவை பானெட்டைத் திறந்து ரொம்ப நேரம் குனிந்து பார்த்தார். இன்ஜினுக்குக் காற்றைத் தள்ளும் டர்போவிலிருந்து வரும் ரப்பர் ஹோஸில் ஒரு கீறல் எண்ணெய் கசிந்து பளபளத்தது. அதையும் மாற்றினார். அதற்கும் பிறகு, எலி கடித்துச் செம்பு தெரிந்த ஒரு வயரைக் கண்டுபிடித்து ஒட்டுப்போட்டார். இன்னொரு வண்டியிலிருந்து டீசல் பிரஷர் சென்சாரைக் கழற்றி மாட்டிக்கூடப் பார்த்தார். சென்சார் மாற்றியதில் மட்டும் ஒன்றும் தெரியவில்லை. மற்றபடி அவர் கண்டுபிடித்த ஒவ்வொன்றும் உண்மையான கோளாறுதான். பழைய வண்டியில் தேடினால் எதுவும் கிடைக்கும். நாங்கள் தேடியது மட்டும் கிடைக்கவில்லை.

இதற்கிடையில் வீட்டில் பேச்சு குறைந்தது. சண்டை ஒன்றும் இல்லை. நான் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே வந்தால் அவர் நிமிர்ந்து பார்ப்பார். "நல்லா போச்சா?" என்பார். "நல்லாத்தான் போச்சு" என்பேன். அவர் தலையை ஆட்டிவிட்டு டி.வி. பக்கம் திரும்பிக்கொள்வார். அந்தத் தலையாட்டலில் ஏதோ இருந்தது. அது என்னவென்று எனக்கு அப்போது பிடிபடவில்லை. ஓட்டுகிற விதத்தில்தான் ஏதோ தப்பு என்று நான் நினைத்ததும் உண்மை. வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் கிளட்சில் காலை வைத்தே ஓட்டுகிறீர்களா என்று ஒரு தரம் கேட்டேன். முப்பது வருஷமாக வண்டி ஓட்டுகிற மனிதரிடம் கேட்கக்கூடாத கேள்வி. அவர் எழுந்து போனார்.

மெக்கானிக் ஒரு ஸ்கேனர் வாங்கி வைத்திருந்தார். ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு சொருகி இருக்கும். அதில் மாட்டினால் வண்டியின் மூளைக்குள் பதிவாகியிருக்கும் கோளாறெல்லாம் திரையில் எழுத்தாக வரும். அன்றைக்கு நான்தான் வண்டியைக் கொண்டுபோயிருந்தேன். இவரும் கூட வந்திருந்தார். மெக்கானிக் மாட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"ஒண்ணுமே இல்லயே மதினி. வண்டி சுத்தமா இருக்கு. போன தடவையும் இப்படித்தான் காட்டுச்சு."

"லைட்டு எரிஞ்சது நெசந்தானே? எரிஞ்சா உள்ள எழுதியிருக்கணும்லா?" என்றேன்.

"இருக்கணும்."

எனக்கு அப்போதுதான் ஒன்று தோன்றியது. "பேட்டரியக் கழட்டி மாட்டுனா உள்ள எழுதியிருக்கிறது அழிஞ்சிருமா?"

மெக்கானிக் ஸ்கேனரிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தார். பிறகு இவரைப் பார்த்தார். "பழைய மாடல். அழிஞ்சாலும் அழிஞ்சிரும். அண்ணாச்சி, கழட்டுதீங்களா?"

"பின்ன எப்படி வீடு வந்து சேருதது?" என்றார் இவர்.

"ஒவ்வொரு தடவையுமா?"

"ஒவ்வொரு தடவையுந்தான்."

மெக்கானிக் சிரிக்கவில்லை. கைத்துணியில் விரல்களைத் துடைத்துக்கொண்டே, "அடுத்த தடவை வந்தா கழட்டாதீங்க. சாவியக்கூட அணைக்காதீங்க. ஊர்ந்துக்கிட்டே வந்தாலும் சரி, அப்படியே இங்கன கொண்டுவந்து விடுங்க" என்றார்.

வீட்டுக்குப் போகிற வழியில் இவர், "அணைக்காம நாற்கரத்துல ஊர்ந்துக்கிட்டு வரணுமாம். சொல்லுததுக்கு லேசு" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "நாளைக்கு மதுரை லோடுக்கு நீயும் வா" என்றார்.

போனேன். அவர் ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்து போவது வெகு நாளைக்குப் பிறகு. அவர் ஓட்டுவதைப் பார்த்தால் கோயிலில் உட்கார்ந்திருப்பது போல இருக்கும். வேகமுள் ஒரே இடத்தில் நிற்கும். முன்னால் ஒரு லாரி மெதுவாகப் போனால் தூரத்திலேயே பார்த்து, ஆட்டம் தெரியாமல் தடம் மாறி, திரும்பவும் அதே வேகத்துக்கு வருவார். காலை அசைத்தால்தான் டீசல் குடிக்கும் என்பது அவர் கணக்கு. அந்த நிதானத்தில் அவருக்கு ஒரு பெருமையும் உண்டு. போகும்போது ஒன்றும் நடக்கவில்லை. பெட்டிகளை இறக்கினோம். திரும்பும்போது விருதுநகர், சாத்தூர் எல்லாம் தாண்டினோம். பாலம் தெரிந்ததும் அவர் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்ததைக் கவனித்தேன்.

ஏற ஆரம்பித்தோம். வண்டியை யாரோ பின்னாலிருந்து பிடித்து நிறுத்தியது மாதிரி இருந்தது. இன்ஜின் சத்தம் தணிந்தது. மஞ்சள் விளக்கு எரிந்தது. பின்னால் ஒரு பஸ் ஹாரனை அழுத்திக்கொண்டே விலகி எங்களைத் தாண்டியது. இவர் சிக்னல் போட்டு, ஊர்ந்து ஊர்ந்து பாலத்தைக் கடந்து இடது ஓரத்துக்கு வந்தார். கை தானாகச் சாவிக்குப் போனது. நான் அவர் மணிக்கட்டைப் பிடித்தேன்.

"அணைக்காதீங்க."

சாவியை விட்டார். நான்கு பக்க விளக்கையும் மினுக்க விட்டுக்கொண்டு, சாலையின் ஓரக்கோட்டை ஒட்டி, சைக்கிளைவிடக் கொஞ்சம் வேகமாகக் கோவில்பட்டியை நோக்கி ஊர்ந்தோம். இரண்டு பக்கமும் கரிசல் காடு. மக்காச்சோளம் முழங்கால் அளவு நின்றது. உளுந்து வெளியில் களையெடுக்கிற பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். தாண்டிப்போகும் ஒவ்வொரு லாரியின் காற்றிலும் எங்கள் வண்டி ஒரு குலுக்கு குலுங்கியது.

"முதல் தடவை பாலத்துல நின்னுதுல்லா" என்று ஆரம்பித்தார் அவர். பார்வை சாலையிலேயே இருந்தது. "அன்னைக்குப் பின்னால வந்த பஸ்ஸு இடிச்சிருக்கணும். டிரைவரு ஒடிச்சிட்டாரு. கண்ணாடியும் கண்ணாடியும் உரசிட்டுப் போச்சு. கண்டக்டர் எட்டிப் பாத்து வஞ்சாரு. வண்டிய ஓரங்கட்டிட்டு ரொம்ப நேரம் புளியமரத்தடியில உக்காந்திருந்துட்டுத்தான் வந்தேன்."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நாற்கரத்துப் பக்கமே விட மாட்ட."

அவர் சொன்னது சரிதான், விட்டிருக்க மாட்டேன். கொஞ்ச தூரம் போன பிறகு மறுபடி பேசினார்.

"நீ ‘வண்டி எனக்கு ஒண்ணும் செய்யல, ஒண்ணும் செய்யல’ன்னு சொல்லச் சொல்ல எனக்கே சந்தேகம் வந்துட்டு ஏட்டி. ஆபரேஷனுக்குப் பெறகு இந்த வலது காலு மரத்துப்போச்சோ, நாம மிதிக்கிறதா நெனச்சுக்கிட்டு மிதிக்காம இருக்கோமோன்னு. சுகர் இருந்தா அப்படி ஆகுமாம்லா. போய் டெஸ்ட் எடுத்தேன்."

"எப்போ?"

"நீ கயத்தாறு போன அன்னைக்கு."

"என்ன சொன்னாங்க?"

"ஒண்ணுமில்லன்னாங்க. எனக்கு அதுவும் நம்பிக்கை இல்ல."

அத்தனை நாளும் டி.வி. பக்கம் திரும்பிக்கொண்ட முகத்துக்குப் பின்னால் இதுதான் இருந்திருக்கிறது. நான் அவர் கிளட்சைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தபோது அவர் தன் காலையே சந்தேகப்பட்டிருக்கிறார். அவர் தோளில் கை வைத்தேன். "மெதுவாப் போங்க" என்றேன். அதற்கு மேல் எப்படி மெதுவாகப் போவது என்று இரண்டு பேருக்குமே சிரிப்பு வந்துவிட்டது.

பட்டறைக்குள் வண்டி நுழைந்ததும் மெக்கானிக் கையில் இருந்த ஸ்பானரை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தார். "அணைக்காதீங்க, அணைக்காதீங்க" என்று கத்திக்கொண்டே ஸ்கேனரைச் சொருகினார். திரையில் ஒரு வரி வந்தது. அவர் எழுத்துக்கூட்டி வாசித்தார். திரும்பவும் வாசித்தார்.

"இன்ஜினுக்குள்ள ஒண்ணும் இல்ல அண்ணாச்சி. ஆக்ஸிலேட்டர் பெடலு."

எங்களுக்குப் புரியவில்லை. இந்த வண்டியில் பெடலுக்கும் இன்ஜினுக்கும் நடுவே கம்பி கிடையாது என்று விளக்கினார். பெடலோடு ஒரு சென்சார் இருக்கிறது. கால் எவ்வளவு அழுத்துகிறது என்று அது இரண்டு வழியாக இன்ஜினுக்குச் சொல்லும். இரண்டும் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகவில்லை என்றால் எதை நம்புவது என்று தெரியாமல் வண்டி தன் இழுவையைத் தானே குறைத்துக்கொள்ளும்.

பிறகு இன்ஜினை அணைத்து, சாவியை மட்டும் திருப்பி வைத்துவிட்டு, "மெதுவா மிதிங்க" என்றார். இவர் மிதித்தார். திரையில் இரண்டு எண்கள் சேர்ந்தாற்போல ஏறின. பாதிக்கும் கீழே ஒரு இடம் வந்ததும் ஓர் எண் மட்டும் பொத்தென்று விழுந்து, மறுபடி எழுந்தது. காலை எடுத்துவிட்டு மறுபடி மிதிக்கச் சொன்னார். அதே இடம், அதே விழுகை.

"இதுக்குள்ள ஒரு கரித்தடம் இருக்கும். அது மேல ஒரு முள்ளு ஓடும். நீங்க நாற்கரத்துல போகும்போது காலு இந்த எடத்துலயேதான் உக்காந்திருக்கும் அண்ணாச்சி. வருஷக்கணக்கா அதே எடம். தேஞ்சு போச்சு. பாலம் ஏறும்போது லேசா அசைக்கீங்க பாருங்க, அப்ப முள்ளு தடத்தத் தொடாம விட்டுப்போகுது."

"எனக்கு ஏன் வரல?" என்று கேட்டேன்.

"ஏறி உக்காந்து பாருங்க மதினி."

ஏறி உட்கார்ந்தேன். என் பழக்கத்துக்கு ஒரே அழுத்தாக மிதித்தேன். எண்கள் ஏறிப் போய்விட்டன, ஒன்றும் விழவில்லை. "இப்ப மெதுவா" என்றார். மெதுவாக மிதித்தேன். அதே இடத்தில் எனக்கும் விழுந்தது. பள்ளமும் மேடும் வேகத்தடையுமாகக் கிடக்கும் எங்கள் ஊர்ச் சாலைகளில் என் கால் ஓர் இடத்திலும் தங்கியதில்லை. அந்த இடத்தை நான் தாண்டித் தாண்டிப் போயிருக்கிறேன்.

இவர் குனிந்து வலது பாதத்தைத் தடவிக்கொண்டார். "அப்ப காலு நல்லாத்தான் இருக்கு" என்றார். மெக்கானிக்குக்கு அது எதற்கென்று தெரியாது. "காலுக்கு என்ன அண்ணாச்சி, பெடலுதான் போச்சு" என்றார்.

புதுப் பெடலுக்கு மெக்கானிக் சொல்லிவிட்டார். தீபாவளி லோடு நெருங்கிக்கொண்டிருந்தது. பெடல் வரும் வரைக்கும் நாற்கரம் வேண்டாம், பக்கத்து ஊர்களுக்கு மதினி ஓட்டினால் சமாளிக்கலாம் என்றார். மதுரைப் பெட்டிகளை வேறொரு வண்டியில் ஏற்றி அனுப்பினோம். இவர் வீட்டில் சும்மா இருக்க மாட்டாமல் என்னோடு ஏறிக்கொண்டார்.

முதல் நாள் எட்டயபுரம் தாண்டும் வரைக்கும் எனக்குப் பாடம் நடந்தது. "ரெண்டாவதுல போடு." "இங்கன என்னத்துக்கு பிரேக்?" "அந்த ஆட்டு மந்தைக்கு ஹாரன் அடி." அவர் கவனிக்காத ஒரு வேகத்தடையை நான் பார்த்து நிதானித்தேன். அதன்பிறகு பேச்சு நின்றது. கொஞ்ச நேரத்தில் தலை கண்ணாடியில் சாய்ந்து தூங்கிவிட்டார். என் ஓட்டுதலில் அவர் தூங்கியது அதுதான் முதல் தடவை.

ஒரு சின்ன ஊரில், பள்ளிக்கூடத்தை ஒட்டிய கடையில் பெட்டி இறக்கினோம். கடைக்கார அம்மா எனக்கு நன்றாகப் பழக்கம். நான் வண்டிக்குள் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். இவர் இரண்டு பெட்டிகளைத் தோளில் வைத்துக்கொண்டு படியேறினார்.

"புதுசா வேலைக்குச் சேந்திருக்கீங்களோ?" என்று அந்த அம்மா கேட்பது காதில் விழுந்தது.

"ஆமா" என்றார் இவர்.

"அக்காகிட்ட ஒழுங்கா இருந்துக்கிடுங்க. நல்லவுக."

"சரிங்கம்மா" என்று பெட்டியை அலமாரிக்குப் பக்கத்தில் பதமாக இறக்கி வைத்துவிட்டு வந்தார்.

வண்டி நகர்ந்ததும், "என்னங்க, ஆமான்னுட்டீங்க?" என்றேன்.

"பெட்டி எறக்கத்தானே வந்தேன்" என்றார். அடுத்த ஊர் வரைக்கும் அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

முதலில் வந்த பெடலின் சொருகி எங்கள் வண்டிக்குப் பொருந்தவில்லை. திருப்பி அனுப்பி வேறு வரவழைக்க வேண்டியதாயிற்று. அது வந்த அன்று மெக்கானிக் மாட்டிவிட்டு, ஸ்கேனரில் எண்கள் தடங்கலில்லாமல் ஏறி இறங்குவதைக் காட்டினார். பழைய பெடலைப் பிரித்தும் காட்டினார். உள்ளே கருப்புத் தடத்தில் நகத்தால் கீறியது போல ஒரு வெளுத்த புள்ளி. அவ்வளவுதான். அதை இவர் விரலால் தடவிப் பார்த்துவிட்டு மெக்கானிக்கிடமே கொடுத்துவிட்டார்.

சாத்தூர் வரைக்கும் போய்த் திரும்பினோம். அவர்தான் ஓட்டினார். பாலம் வந்தது. வண்டி ஏறியது, இறங்கியது. கீழே இறங்கிய பிறகு அவர் மூச்சை விட்டார். நானும் விட்டேன்.

தீபாவளி கழிந்து லோடு தணிந்தது. ஒருநாள் காலை காபி குடித்துக்கொண்டிருந்தபோது அவராகவே சொன்னார்.

"வாரத்துல ஒருநாள் மதுரைக்கு நீ போயேன். நான் எட்டயபுரம் பக்கம் பாத்துக்கிடுதேன்."

"எனக்கு நாற்கரம் பழக்கமில்லயே."

"பழகு. காலை மட்டும் ஒரே எடத்துல வைக்காத."

மறுவாரமே போனேன். வெயில் ஏறும் முன் கிளம்பிவிட்டேன். சாலை அகலமாக, நேராக, ஆள் அரவமில்லாமல் இருந்தது. பழக்கமில்லாத கால் சாத்தூரைத் தாண்டும்போதே கெண்டைச்சதையில் வலித்தது. லாரிகள் பக்கத்தில் வரும்போது ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தேன், போன பிறகு தளர்த்தினேன். விருதுநகரில் நிறுத்தி ஒரு டீ குடித்தேன். டீக்கடைக்காரர் வண்டியையும் என்னையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, கேட்காமலேயே முதுகு சாய்கிற நாற்காலியாகப் பார்த்து எடுத்துப் போட்டார். மதுரையில் கடைவீதிச் சந்துக்குள் வண்டியைப் பின்னால் எடுத்து நிறுத்தத்தான் நேரமானது. பெட்டிகளை இறக்கிவிட்டு, மதியச் சாப்பாட்டுக் கூட்டம் சேரும் முன்பே ஊரைவிட்டு வெளியே வந்துவிட்டேன். பாலம் வந்தபோது, அவர் சொன்னது போல, காலை ஒரே இடத்தில் வைக்காமல் ஏறினேன்.